மிளகாய்ச் செடி வளர்க்கப் போகிறீர்களா? விதை வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மிளகாய் சுலபமாக முளைத்துவிடும். நாற்று வரை யாருக்கும் பெரிய சிக்கல் வருவதில்லை. அதற்குப் பிறகுதான் இலை சுருளும், பூ கொட்டும், நேற்றுவரை நன்றாக இருந்த செடி இன்று தலை தொங்கி நிற்கும். இவை பெரும்பாலும் அசட்டையால் வருவதில்லை, அவசரத்தால் வருகின்றன. மண் ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் ஊற்றுகிறார்கள். என்ன பூச்சி என்று பார்க்காமலேயே மருந்து அடிக்கிறார்கள். பூ நிற்கவில்லை என்று இன்னும் கொஞ்சம் உரம் போடுகிறார்கள். அதனால் எதைப் பார்த்த பிறகு எதைச் செய்ய வேண்டும் என்ற வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் நாட்களை எண்ணுங்கள்

சாதாரண மிளகாய் ரகங்களுக்கு, விதைத்த நாளிலிருந்து நாற்று நடவுக்குத் தயாராக 35 முதல் 45 நாட்கள் ஆகும். நட்ட பிறகு முதல் பச்சைக்காய் பறிக்க 60 முதல் 80 நாட்கள். ஆக, விதைக்கும் காய்க்கும் இடையே மூன்றரை மாதம், சில சமயம் நான்கு மாதம். அதிகக் காரம் கொண்ட ஹபனேரோ போன்ற வகைகளுக்கு இன்னும் ஒரு மாதமாவது கூடும்.

இதில் கவனிக்க வேண்டியது பூக்கும் காலம். விதைத்து ஏறக்குறைய 11 வாரத்தில் பூ வரத் தொடங்கும். அந்த நேரத்தில் பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினாலோ பூக்கள் காயாகாமல் உதிரும். எனவே உங்கள் பகுதியில் கடும் வெயிலும் கடும் குளிரும் எப்போது என்று பார்த்து, அவை பூக்கும் வாரங்களில் விழாதபடி பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். உறைபனி விழும் இடமென்றால், கடைசிப் பனிக்கு எட்டு வாரம் முன்பு வீட்டுக்குள்ளேயே விதைத்துவிடலாம். உறைபனிக்கு மிளகாய் ஓர் இரவுகூடத் தாங்காது.

2. விதைப் பொட்டலத்தைப் படியுங்கள்

பொட்டலத்தின் முன்பக்கப் படத்தைவிடப் பின்பக்க எழுத்துதான் முக்கியம். விதை பரிசோதித்த தேதி, காலாவதித் தேதி, முளைப்புத் திறன் சதவீதம் ஆகிய மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். மிளகாய் விதை இரண்டு, மூன்று ஆண்டுகள்தான் நன்றாக முளைக்கும். அதற்குமேல் முளைப்பு வேகமாகக் குறையும். ‘எஃப் 1’ என்று போட்டிருந்தால் அது வீரிய ஒட்டு ரகம். காய்ப்பு நன்றாக இருக்கும், ஆனால் அதிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியைப் போல வராது. அடுத்த முறை சொந்த விதை போட நினைப்பவர்கள் நாட்டு ரகமோ, திறந்த மகரந்தச் சேர்க்கை ரகமோ வாங்குங்கள்.

விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தால் பூஞ்சைக்கொல்லி பூசியது என்று பொருள். வெறுங்கையால் தொட்டால் கையைக் கழுவுங்கள்; குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

சமையலறையில் இருக்கும் காய்ந்த மிளகாயிலிருந்து விதை எடுத்துப் போடலாமா என்று பலரும் கேட்பார்கள். போடலாம், முளைக்கவும் செய்யும். ஆனால் சூட்டில் உலர்த்திய காயின் விதை பாதிக்குமேல் செத்திருக்கக்கூடும். என்ன ரகம் என்பதும் காய்த்த பிறகுதான் தெரியும். நான்கு மாதம் உழைக்கப் போகும் செடிக்கு இந்த இடத்தில் சிக்கனம் பிடிப்பதில் லாபமில்லை. பொட்டலத்தைத் தூக்கி எறியாமல், விதைத்த தேதியை அதன்மேலேயே எழுதி வையுங்கள். நாற்று நடும் நாள், பூ வரும் நாள் எல்லாவற்றையும் ஒப்பிட அதுதான் உதவும்.

3. விதைப்பு

நான்கு செடி வேண்டுமென்றால் பத்து விதை போடுங்கள். வெதுவெதுப்பான நீரில் 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்தால் முளைப்பு ஓரிரு நாள் முந்தும். அதற்குமேல் நெடுநேரம் ஊறினால் விதை மூச்சுமுட்டி அழுகக்கூடும்.

குழித்தட்டிலோ, அடியில் துளையிட்ட சிறு கோப்பைகளிலோ, அலசிய தென்னை நார்க்கழிவும் சலித்த மண்புழு உரமும் சரிபாதி கலந்து நிரப்புங்கள். தோட்டத்து மண்ணை இங்கே சேர்க்க வேண்டாம். நாற்றழுகலுக்கான பூஞ்சை பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வருகிறது. குழிக்கு ஒரு விதை, அரை முதல் ஒரு செ.மீ. ஆழம், மேலே லேசாக மூடித் தெளிப்பானால் நனையுங்கள்.

முளைப்புக்கு வெளிச்சம் தேவையில்லை, சூடு தேவை. மண்கலவையின் வெப்பம் 25 முதல் 30 டிகிரிக்குள் இருந்தால் 7 முதல் 14 நாளில் முளை தெரியும். 15 டிகிரிக்குக் கீழே விதை அசையாது. ஹபனேரோ வகைகள் மூன்று, நான்கு வாரம்கூட எடுக்கும்; பொறுமையிழந்து தட்டைக் கிளறிப் பார்க்காதீர்கள். ஈரம் காயாமலிருக்க மேலே பிளாஸ்டிக் தாள் போட்டிருந்தால், முதல் முளை தெரிந்த அன்றே அதை எடுத்துவிடுங்கள்.

4. நாற்றைக் காப்பாற்றுதல்

முளைத்ததும் வெளிச்சம்தான் முதல் தேவை. வெளிச்சம் குறைந்தால் நாற்று நூல்போல நீண்டு சாயும். அப்படி நீண்டதை உரம் போட்டு நிமிர்த்த முடியாது. காலை வெயில் மூன்று, நான்கு மணி நேரம் படும் இடத்தில் வையுங்கள்.

நன்றாக இருந்த நாற்று மண்மட்டத்தில் தண்டு கறுத்து மெலிந்து அப்படியே சாய்ந்தால் அது நாற்றழுகல். சாய்ந்ததை மீட்க வழியில்லை. பக்கத்து நாற்றுகளைக் காக்க, சாய்ந்ததைக் கலவையோடு அப்புறப்படுத்தி, தண்ணீரை நிறுத்தி, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். வராமல் தடுப்பதற்கு, மேலிருந்து ஊற்றாமல் தட்டை ஆழமில்லாத நீரில் கால் மணி நேரம் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுவது நல்ல பழக்கம். கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத்தூள் கொஞ்சம் முன்பே கலந்து வைத்தாலும் பலன் உண்டு.

முதலில் விரியும் இரண்டு விதையிலைகளுக்குப் பிறகு வருபவைதான் உண்மையிலைகள். அவை இரண்டு வரும்வரை உரம் எதுவும் வேண்டாம்.

5. தொட்டியும் மண்கலவையும்

செலவில் பெரும்பங்கு இங்கேதான் போகும்; போகட்டும். விதையும் மருந்தும் சில்லறைச் செலவு. மலிவு என்று ஐந்து லிட்டர் தொட்டி வாங்கினால், வெயில் காலத்தில் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் தீர்ந்து, பூவும் பிஞ்சும் கொட்டும். ஒரு செடிக்குக் குறைந்தது 12 லிட்டர் கொள்ளளவும் 30 செ.மீ. ஆழமும் வேண்டும். ஹபனேரோ வகைக்கு 20 லிட்டர். பழைய பக்கெட், பெயின்ட் டப்பா எல்லாமே பயன்படும், நன்றாகக் கழுவி, அடியில் விரல் நுழையும் அளவில் நான்கைந்து துளை போட்டுவிட்டால். ஈரமான கலவையோடு ஒரு தொட்டி 12 கிலோவுக்கு மேல் எடை இருக்கும் என்பதைப் பால்கனிக்காரர்கள் முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள்.

கலவை: தோட்ட மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. தொட்டிக்கு 50 கிராம் வேப்பம் புண்ணாக்கு சேர்த்து, லேசாக ஈரப்படுத்தி, பத்து நாள் நிழலில் வைத்திருந்த பிறகு நடுங்கள். உடனே நட்டால் புண்ணாக்கு மக்கும் சூட்டில் இளவேர் கருகும். மண் களிமண்ணாக இருந்தால் அதன் பங்கில் பாதியை ஆற்று மணலாக மாற்றிக்கொள்ளுங்கள். மண்ணின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 6 முதல் 6.8 வரை இருப்பது மிளகாய்க்கு உகந்தது.

அழுத்திய கட்டிகளாக வரும் நார்க்கழிவில் உப்பு அதிகம் இருக்கலாம். ஊறவைத்து, பிழிந்து, இரண்டு மூன்று தண்ணீர் அலசுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் சில வாரத்தில் இலை விளிம்புகள் கருகத் தொடங்கும். அப்போது அது நோய் மாதிரியே தெரியும், மருந்து அடித்துக்கொண்டே இருப்பீர்கள்.

தரையில் நடுபவர்கள், முந்தைய பருவத்தில் தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு இருந்த பாத்தியைத் தவிருங்கள். இவை எல்லாம் ஒரே குடும்பம்; மண்ணில் தங்கிய நோய் அப்படியே மிளகாய்க்கு வரும். செடிக்குச் செடி 45 முதல் 60 செ.மீ. இடைவெளி, தண்ணீர் தேங்காத மேட்டுப்பாத்தி.

6. நடவு

நாற்று 10 முதல் 15 செ.மீ. உயரமும், நான்கு முதல் ஆறு உண்மையிலைகளும் கொண்டதும் நடலாம். அதற்கு முந்தைய ஒரு வாரம் வெயிலுக்குப் பழக்குங்கள். வழக்கமான காலை வெயிலுக்கு மேல் முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டே போகலாம். காலை வெயிலை மட்டுமே பார்த்த நாற்றை நேராக முழு வெயிலில் நட்டால் இலை வெளுத்துத் தீய்ந்துவிடும்.

மாலையில் நடுங்கள். குழித்தட்டில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம் போதும். தக்காளியைத் தண்டுவரை புதைப்பதுபோல மிளகாயைப் புதைத்தால் தூர் அழுகும் ஆபத்து உண்டு. நட்ட அன்றே ஒரு குச்சியை ஊன்றிவிடுங்கள். காய் பிடித்த பிறகு ஊன்றினால் வேர் அறுபடும்.

7. தண்ணீர்

விரலை மண்ணில் இரண்டு மூன்று செ.மீ. விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். ஈரமாக இருந்தால் ஊற்றாதீர்கள். இதற்குமேல் விதி எதுவும் இல்லை. “தினமும் ஒரு குவளை” என்ற அட்டவணை மிளகாய்க்குப் பொருந்தாது. 12 லிட்டர் தொட்டியில் வளர்ந்த செடி கோடையில் தினம் ஒரு லிட்டருக்குமேல் குடிக்கும். மேகமூட்டமான நாட்களில் மூன்று நாள் ஆனாலும் கேட்காது.

பலரும் ஏமாறுவது மதிய வாட்டத்தில். உச்சிவெயிலில் இலை தொங்குவது செடி தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. மாலையில் தானே நிமிரும். மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் அப்போது தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகத் தொடங்கும். வேர் அழுகினாலும் செடி வாடித்தான் காட்டும்; உடனே இன்னும் தண்ணீர் ஊற்றுவோம். செடியை முடித்துவிடுவது அந்த இரண்டாவது குவளைதான். மாலையும் காலையும் வாடியே இருந்து, மண்ணும் ஈரமாக இருந்தால், தண்ணீரை நிறுத்தித் தொட்டியை நிழலுக்கு மாற்றி, துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

8. உரமும் நுனி கிள்ளுதலும்

நட்டு மூன்று வாரம் வரை கலவையில் இருப்பதே போதும். பிறகு 20 நாளுக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம்; அல்லது 15 நாளுக்கு ஒருமுறை 19:19:19 உரத்தை (எண்கள் வரிசையாகத் தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்) லிட்டருக்கு 2 கிராம் கரைத்துத் தொட்டிக்கு அரை லிட்டர். மொட்டு தெரிந்ததும் தழைச்சத்தை (நைட்ரஜன்) குறைத்துச் சாம்பல்சத்தை (பொட்டாசியம்) கூட்ட வேண்டும். 13:0:45 உரத்தை அதே அளவில் ஒரு முறை விட்டு ஒரு முறை மாற்றிக் கொடுத்தால் சரியாக இருக்கும். காய்ந்த மண்ணில் உரக்கரைசல் ஊற்றாதீர்கள். முதலில் வெறும் தண்ணீர், அதன் பிறகு உரம். மண்மேல் வெள்ளையாக உப்புப் படிந்தால், உரத்தை நிறுத்தி, தொட்டியின் கொள்ளளவைப்போல இரு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள்.

செடி 20 செ.மீ. உயரம் வந்ததும் நுனிக்கொழுந்தைக் கிள்ளினால் பக்கக்கிளைகள் அதிகம் வரும். இதற்கு விலை உண்டு: முதல் காய் இரண்டு வாரம்போலத் தள்ளிப்போகும். பருவம் குறுகிய இடத்தில் கிள்ளாமல் விடுவதே நல்லது. மண்ணில் உரசும் கீழ் இலைகளை மட்டும் எடுத்துவிடுங்கள்.

9. இலைச்சுருட்டை: மருந்துக்கு முன் இலையைத் திருப்புங்கள்

மிளகாய் வளர்ப்பவர்களில் பெரும்பாலோரைக் கைவிட வைப்பது இதுதான். இலை சுருண்டதும் ‘சுருட்டை நோய்’ என்று ஒரே பெயரில் ஒரே மருந்தை அடிக்கிறார்கள். ஆனால் காரணங்கள் வேறுவேறு. ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு வேலை செய்யாது.

இலை விளிம்பு மேல்நோக்கிப் படகுபோல மடிந்து, இளங்கொழுந்து சுருங்கியிருந்தால் இலைப்பேனைச் சந்தேகியுங்கள். கொழுந்தின் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில், மெல்லிய வெளிர்மஞ்சள் பூச்சிகள் நகர்ந்தால் உறுதி. வறண்ட வெயில் காலத்தில்தான் இது பெருகும்.

இலை விளிம்பு கீழ்நோக்கி வளைந்து, காம்பு நீண்டு, அடிப்பக்கம் செம்பு நிறத்தில் பளபளத்தால் அது மஞ்சள் சிலந்திப்பேன். கண்ணுக்குத் தெரியாது, நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். இது பூச்சி இனமே அல்ல. அதனால் சாதாரணப் பூச்சிக்கொல்லி இதைக் கொல்லாது. இதைத் தின்னும் நன்மை செய்யும் உயிர்களைக் கொன்று, சிலந்திப்பேனை இன்னும் பெருக்கும்.

மூன்றாவது, வைரஸ். இலைகள் சிறுத்து, நரம்புகளுக்கிடையே மஞ்சளித்து, மேல்நோக்கிச் சுருண்டு, கணுவிடை குறுகிச் செடி குட்டையாகவே நிற்கும். வெள்ளை ஈ பரப்பும் இந்த நோய்க்கு மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கி அழித்துவிட்டு, மற்றச் செடிகளில் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவதுதான் வழி. மனசு கேட்காமல் வைத்திருந்தால் பக்கத்துச் செடிகளும் போகும்.

இவை இல்லாமலும் சுருளலாம். உச்சிவெயிலில் குவிந்து மாலையில் விரிந்தால் அது வெப்பம். இலை பெரிதாக, கரும்பச்சையாக, புடைத்து நெளிந்திருந்தால் தழைச்சத்து மிகுதி.

இலைப்பேன், அசுவினி, வெள்ளை ஈ மூன்றுக்கும் முதல் மருந்தாக வேப்பெண்ணெய் போதும். 5 மில்லி வேப்பெண்ணெயில் 2 மில்லி திரவ சோப்பை முதலில் நன்றாகக் குழைத்து, பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்குங்கள். தண்ணீரில் எண்ணெயை நேராக ஊற்றினால் கலக்காமல் மிதந்து, இலையைக் கருக்கும். முதலில் ஒரு கிளையில் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு, வெயில் இறங்கியபின் இலையின் அடிப்பக்கம் நனையும்படி முழுச் செடிக்கும் அடியுங்கள். ஏழு நாளுக்கு ஒருமுறை, மூன்று முறை.

சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகத்தூள், லிட்டருக்கு 2 கிராம். வெப்பம் 32 டிகிரிக்கு மேல் உள்ள நாளில் அடிக்காதீர்கள். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமலும் அடிக்காதீர்கள். எண்ணெயும் கந்தகமும் சேர்ந்தால் இலை தீய்ந்துவிடும்.

இன்னொன்று: இலைப்பேனாலோ சிலந்திப்பேனாலோ ஏற்கெனவே சுருண்ட இலை ஒருபோதும் விரியாது. மருந்து பலித்ததா என்பதைப் புதுக்கொழுந்தை வைத்துத்தான் சொல்ல முடியும். இரண்டு வாரம் பொறுங்கள். பழைய இலையைப் பார்த்து மருந்தை மாற்றிக்கொண்டே போவதால் எத்தனையோ செடிகள் மருந்தாலேயே செத்திருக்கின்றன.

10. பூ உதிர்வும் காய்க் கோளாறுகளும்

முதல் பூக்கள் சில உதிர்வது இயல்பு. தொடர்ந்து உதிர்ந்தால் முதலில் வெப்பமானியைப் பாருங்கள். முதல் பகுதியில் சொன்ன 15, 35 டிகிரி எல்லைகளுக்கு வெளியே இருந்தால் நீங்கள் செய்யக்கூடியது மதிய நிழல் மட்டுமே, நிழல்வலை கட்டலாம். வெப்பம் சரியாக இருந்தும் உதிர்ந்தால், தண்ணீர் ஒருநாள் வெள்ளமாகவும் ஒருநாள் வறட்சியாகவும் போகிறதா, தழைச்சத்து கூடியதா, ஆறு மணி நேர வெயிலாவது கிடைக்கிறதா என்று இந்த வரிசையில் தேடுங்கள். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்பிடிக்கும். காற்று புகாத மூடிய பால்கனியில் மட்டும் காலையில் கிளையை லேசாகத் தட்டிவிட வேண்டியிருக்கும்.

காயின் நுனியில் பழுப்பாக, தோல்போலக் காய்ந்த திட்டு வந்தால் அது சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. மண்ணில் சுண்ணாம்பு இருந்தும் தண்ணீர் ஒழுங்கில்லாததால்தான் பெரும்பாலும் வருகிறது. இதற்கு எப்சம் உப்பு போடச் சொல்வார்கள்; போடாதீர்கள். அதிலிருப்பது மக்னீசியம், அது சுண்ணாம்பு உறிஞ்சப்படுவதற்குப் போட்டியாக நிற்கும். முட்டை ஓடு மக்கிச் சத்தாக மாற மாதக்கணக்கில் ஆகும். இந்தக் காய்க்கு உதவாது. காய்ந்த இலைகளை ஐந்து செ.மீ. கனத்துக்கு மூடாக்காகப் போட்டு ஈரத்தைச் சீராக வைத்தால் அடுத்த காய்கள் நன்றாக வரும்.

பழுக்கும் காயில் வட்டமாகக் குழிந்து, வளையம் வளையமாகக் கரும்புள்ளி வந்தால் பழ அழுகல். அந்தக் காய்களைப் பறித்து அப்புறப்படுத்துங்கள், செடியின்மேல் தண்ணீர் படாமல் தூரில் ஊற்றுங்கள், அந்தக் காயின் விதையைச் சேமிக்காதீர்கள். பச்சைக்காயில் வெயில் படும் பக்கம் ஊதாக் கறுப்பு படர்வதும், தண்டின் கணுவில் ஊதாக் கோடு இருப்பதும் பல ரகங்களுக்கு இயல்பு. அவற்றுக்கு மருந்து தேட வேண்டாம்.

11. பறிப்பு

பூ காயாகி, பச்சையாகப் பறிக்கும் முதிர்ச்சிக்கு 35 முதல் 45 நாள். நன்றாகச் சிவக்க மேலும் இரண்டு, மூன்று வாரம். இழுத்துப் பறித்தால் கிளை ஒடியும். கத்தரிக்கோலால் காம்போடு வெட்டுங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது பறியுங்கள். பழுத்த காய்கள் செடியிலேயே நின்றால் புதுப்பூ குறையும். வேப்பெண்ணெயோ கந்தகமோ அடித்திருந்தால் மருந்துப் பொட்டலத்தில் சொன்ன இடைவெளி முடிந்தபின் பறித்து, நன்றாகக் கழுவிப் பயன்படுத்துங்கள்.

காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெண்சவ்வில் இருக்கிறது. அதிகக் கார ரகங்களை வெட்டும்போது கையுறை போடுங்கள். கையில் எரிந்தால் வெறும் தண்ணீர் பயன்படாது. சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, பிறகு சோப்பால் கழுவுங்கள்.

12. விதை எடுப்பதும் அடுத்த சுற்றும்

பல ரகங்களைப் பக்கம் பக்கமாக வளர்த்தால் தேனீ வழியே மகரந்தம் கலக்கும். அந்த ஆண்டுக் காயில் வித்தியாசம் தெரியாது. அதன் விதையில் வரும் செடியில்தான் தெரியும். விதைக்கென ஒரு கிளையைத் தேர்ந்து, பூ விரியும் முன் மெல்லிய வலைப்பை கட்டி, பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்து, அந்தக் காயில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். முழுதும் பழுத்தபின் விதை எடுத்து, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, காற்றுப்புகாத டப்பாவில் ரகமும் தேதியும் எழுதி வையுங்கள்.

காய்ப்பு ஓய்ந்ததும் செடியைப் பிடுங்க வேண்டியதில்லை. மிளகாய் பல ஆண்டு வாழக்கூடிய செடி. வைரஸ் இல்லாத நல்ல செடியாக இருந்தால், பருவம் சற்றுக் குளிர்ந்ததும், முதல் கவட்டைக்கு மேலே ஓரிரு கணு விட்டுக் கிளைகளை வெட்டுங்கள். மேல்மண்ணை மூன்று செ.மீ. சுரண்டி எடுத்துப் புது மண்புழு உரம் நிரப்புங்கள். புதுத்தளிர் வரும்வரை தண்ணீர் குறைவாகவே போதும். இலையில்லாத செடி அதிகம் குடிக்காது. உறைபனி உள்ள இடங்களில் வெட்டிய கையோடு தொட்டியை வீட்டுக்குள் வெளிச்சமான இடத்துக்கு எடுத்துவிடுங்கள். வேர் ஏற்கெனவே தயாராக இருப்பதால் இரண்டாம் ஆண்டில் பூ, விதையிலிருந்து தொடங்கும் செடியைவிடப் பல வாரம் முன்னதாகவே வரும்.